ஓடைக்கீரையும் ஈரல் புழுவும்: மேல்மலைக்காரர்கள் எதைத் தேர்ந்தெடுப்பது?

பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை. கொடைக்கானல் மேல்மலையில் எந்த ஊருக்குப் போனாலும் ஓர் ஓடை இருக்கும். அதை ஒட்டிச் சேறும் புல்லுமாக ஒரு சதுப்பு இருக்கும், அதில் மாடோ ஆடோ மேயும். அந்தத் தண்ணீர்தான் கீழே கேரட்டுக்கும் பூண்டுக்கும் கீரைப் பாத்திக்கும் பாய்கிறது. தங்கும் விடுதிகள் பெருகிய பிறகு சாலட் இலைக்குத் தேவை கூடிவிட்டது. லெட்யூஸ், செலரி, ஓடையோரம் தானாகவே படர்ந்து வளரும் வாட்டர்கிரெஸ் எல்லாம் பச்சையாகவே தட்டுக்குப் போகின்றன. நம் வீடுகளிலும் வல்லாரையைப் பறித்து அப்படியே மெல்வதும், சாறு பிழிந்து பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் உண்டு.

ஈரல் புழு என்று நாம் சொல்லும் கல்லீரல் தட்டைப்புழு மனிதனுக்குள் நுழைவது இந்த ஈரத்தின் வழியாகத்தான். இந்தியாவில் மனிதர்களிடம் இது அரிய நோய், அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பதிவாகியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 70க்கும் மேற்பட்ட நாடுகளில் குறைந்தது 24 லட்சம் பேருக்கு இருக்கிறது. அரிது என்பதாலேயே நம் பக்கம் யாருக்காவது வந்தால் கண்டுபிடிக்கத் தாமதமாகும். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். என்னிடம் வரும் கேள்விகள் இரண்டு வகை: கீரையை என்ன செய்வது என்பது ஒன்று, வலி வந்துவிட்டால் எந்தப் பரிசோதனை, எந்த மருந்து என்பது இன்னொன்று. இரண்டிலும் கைக்கு எளிதில் எட்டும் வழியே தவறான வழியாக இருக்கிறது என்பதால்தான் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் புழுவைப் பார்த்துவிடலாம். கறிக்கடையில் ஈரலைக் குறுக்கே நறுக்கும்போது சில சமயம் பித்தக்குழாய் தடித்து, வெள்ளையாக, கத்திக்கு நறநறவென்று படும். அதை அமுக்கினால் சாம்பலும் பழுப்புமாக, ஒரு சின்ன இலையைப் போலத் தட்டையாக ஒன்று வழுக்கி வெளியே வரும். அதுதான். ஃபாசியோலா ஹெபாடிகா என்ற வகை சுமார் 3 சென்டிமீட்டர் நீளம், ஃபாசியோலா ஜைஜான்டிகா அதைவிட இரண்டு மடங்குக்கு மேலும் வளரும். அந்த ஈரலைச் சமைத்துச் சாப்பிட்டால் நோய் வருமா என்று எல்லாரும் கேட்பார்கள். வராது. மாட்டின் சாணத்தோடு வெளியேறும் முட்டை தண்ணீரில் பொரிக்க வேண்டும், பொரித்த குஞ்சு ஒரு வகை நன்னீர் நத்தைக்குள் நுழைந்து பெருக வேண்டும், நத்தையை விட்டு வெளியேறி நீந்தி இலையிலோ தண்டிலோ ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் கூட்டை விழுங்கினால்தான் நோய். ஆகவே பயப்பட வேண்டியது வறுத்த ஈரலைக் கண்டு அல்ல, அதன் பக்கத்தில் வைக்கும் பச்சை இலையைக் கண்டு.

கீரை: கழுவுவதா, வேகவைப்பதா, தண்ணீரை மாற்றுவதா

கழுவுவதைத்தான் எல்லாரும் நம்புகிறார்கள். விடுதிகளுக்கு இலை கொடுக்கும் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கேட்டார்: “வினிகர்ல பத்து நிமிஷம் போட்டு எடுத்துட்டா போதும்ல தாயி?” போதாது என்றுதான் சொன்னேன். அந்தக் கூடு ஏறத்தாழ கால் மில்லிமீட்டர்தான் இருக்கும். வெளிறிய புள்ளியாக இலையின் அடியிலும் தண்டிலும் ஒட்டியிருக்கும், மண் துகள் என்றே தோன்றும். அதன் சுவர் கெட்டி. ஓடும் தண்ணீரில் அலசினால் ஒரு பகுதி உதிரும், ஒரு பகுதி உதிராது. வினிகர், பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசல் போன்றவை கூட்டை இலையிலிருந்து உதிர்க்க உதவுகின்றன என்பது உண்மை. ஆனால் சமையலறையில் யார் அளந்து கலக்குகிறார்கள், யார் கடிகாரம் பார்க்கிறார்கள்? வாட்டர்கிரெஸ் தண்டு கணுவுக்குக் கணு வேர் விட்டு பின்னிக் கிடக்கும், அதன் இடுக்கெல்லாம் கரைசல் போகும் என்று நான் நம்பத் தயாரில்லை. உப்புத் தண்ணீரும் மஞ்சள் தண்ணீரும் இதற்கு எந்த உத்தரவாதமும் தராது. கழுவுவது மண்ணுக்கும் மற்றக் கிருமிக்கும் நல்லது, கட்டாயம் செய்ய வேண்டும். ஈரல் புழுவுக்கு அதை மட்டும் நம்பி ஒரு குழந்தையின் கையில் இலையைக் கொடுக்க மாட்டேன்.

வேகவைத்தால் கூடு செத்துவிடும், அதில் சந்தேகமே இல்லை. வாட்டர்கிரெஸ்ஸை உருளைக்கிழங்கோடு கொதிக்கவிட்டு சூப் வைக்கலாம், பருப்போடு கடையலாம். வல்லாரையில்தான் கவனம் தேவை. துவையலுக்கு வதக்கும்போது இலை நிறம் மாறிச் சுருண்டு நன்றாகச் சூடேறும்வரை வதக்கி அரைத்தால் சரி. கடைசியில் ‘வாசனைக்கு’ என்று ஒரு பிடி பச்சை இலையைச் சேர்த்து அரைத்தால் வதக்கியதன் பயனே போய்விடும். பச்சைச் சாறு எந்த வகையிலும் சரியில்லை. ஞாபக சக்திக்கு என்று சதுப்பில் பறித்த வல்லாரையைச் சாறாக்கிக் கொடுக்கும் வீடுகளில் நான் கெஞ்சிக் கேட்பது இது ஒன்றைத்தான்: கொதிக்கவைத்துக் கொடுங்கள், அல்லது தொட்டியில் குழாய்த் தண்ணீர் விட்டு வளர்த்ததைக் கொடுங்கள்.

விற்பனைக்கு வளர்ப்பவர்களுக்கு வேகவைப்பது விடையாகாது, சாலட்டுக்குக் கேட்பவர்கள் பச்சையாகத்தான் கேட்பார்கள். அவர்களுக்கு உள்ள வழி தண்ணீரை மாற்றுவது. இங்கிலாந்தில் வாட்டர்கிரெஸ்ஸைத் தொழிலாக வளர்ப்பவர்கள் ஓடை நீரை விடுவதில்லை. ஊற்றிலிருந்தோ ஆழ்துளைக் கிணற்றிலிருந்தோ நேராக வரும் தண்ணீரைத்தான் பாத்திக்கு விடுகிறார்கள், கால்நடை அண்டாமல் வேலி போடுகிறார்கள். மேல்மலையில் ஊற்றுக்குப் பஞ்சமில்லை. ஊற்றுக் கண்ணிலேயே குழாய் பதித்து, நடுவில் எங்கும் திறந்த வாய்க்காலில் ஓடவிடாமல் பாத்திக்குக் கொண்டுவருவது ஒரு முறை செலவழித்தால் முடிகிற வேலை. பாத்தி மேய்ச்சலுக்கு மேற்புறமாக இருக்க வேண்டும், சாணத்தை மக்க வைக்காமல் போடக் கூடாது. வாய்க்கால் ஓரச் சேற்றில் குனிந்து பார்க்க வேண்டும். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான பழுப்பு நத்தைகள், கூம்பு ஓட்டோடு, சேற்றோடு சேறாக ஒட்டிக்கிடந்தால் அந்த இடத்து இலை பச்சையாகச் சாப்பிட ஏற்றதல்ல.

இங்கே மலையின் குளிர்ச்சி நமக்கு எதிராக நிற்கிறது. வெயிலிலும் வறட்சியிலும் கூடு சீக்கிரம் சாகும். ஈரமும் குளிர்ச்சியும் இருந்தால் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு சதுப்பு நிரம்பிக் கிடக்கும் மாதங்களில் நான் ஓடைக்கீரையைப் பச்சையாகத் தொடவே மாட்டேன். கூடு தண்ணீரிலும் மிதக்கும் என்பதால் அந்த ஓடை நீரை அள்ளிக் குடிப்பதும் இதே ஆபத்துதான். மலையேற வருபவர்கள் ‘சுத்தமான ஓடை’ என்று கையை ஏந்துவதைப் பார்க்கும்போதெல்லாம் பதறுகிறது.

ஓடைக்கீரையை அடியோடு விட்டுவிடலாம் என்பதும் ஒரு வழிதான். வீட்டில் நாலு தொட்டி வைக்க இடமிருப்பவர்கள் அப்படியே செய்யலாம்.

வலி வந்துவிட்டால்: எத்தனை மாதம் ஆயிற்று?

வலது விலாவுக்குக் கீழே வலி, விட்டுவிட்டுக் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, எடை குறைவு. இப்படி வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது வேறு ஏதாவதாகத்தான் இருக்கும். பித்தப்பைக் கல், அமீபா கட்டி, மஞ்சள் காமாலை வைரஸ், பித்தக்குழாய்க்குள் ஏறிவிட்ட உருண்டைப்புழு, ஆடும் நாயும் சேர்ந்திருக்கும் இடங்களில் ஹைடாடிட் என்ற நாடாப்புழு நீர்க்கட்டி. அவற்றை மருத்துவர் பார்த்துக்கொள்வார். ஈரல் புழு என்ற எண்ணம் எழவேண்டியது இரண்டு விஷயங்கள் சேரும்போது: பச்சை ஓடைக்கீரை சாப்பிட்ட பழக்கம், ரத்தத்தில் இயோசினோபில் என்ற ஒரு வகை வெள்ளை அணுக்கள் மிக அதிகம்.

எந்தப் பரிசோதனை நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, தொந்தரவு தொடங்கி எவ்வளவு காலம் ஆயிற்று என்பதை. விழுங்கிய கூடு சிறுகுடலில் உடைகிறது. உள்ளிருந்து வரும் குஞ்சு குடல் சுவரைத் துளைத்து வயிற்றறைக்குள் இறங்கி, ஈரலின் மேலுறையைத் துளைத்து உள்ளே போகிறது. வாரக்கணக்கில் ஈரல் சதைக்குள் ஊர்ந்து கடைசியில் பித்தக்குழாயில் குடியேறுகிறது. முட்டையிடத் தொடங்க மொத்தம் மூன்று நான்கு மாதம் ஆகும். அந்த மாதங்களில் மலத்தை எத்தனை முறை கொடுத்தாலும் முட்டை இருக்காது. ஆனால் நோயாளி மிகவும் துன்பப்படுவது பெரும்பாலும் அப்போதுதான். மலப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்ற சீட்டை வாங்கிக்கொண்டு நிம்மதியாக மலையேறிவிடுகிறார்கள்.

முதல் மூன்று மாதங்களில் உதவுவது ரத்தம். சாதாரண ரத்த அணு எண்ணிக்கையைக் கொடைக்கானலிலேயே எடுத்துவிடலாம், செலவும் குறைவு. இயோசினோபில் வழக்கமாக ஒரு மைக்ரோலிட்டருக்கு 500க்குள் இருக்கும். அது பல மடங்கு ஏறியிருந்தால் அடுத்த படி எதிர்ப்பொருளைப் பார்க்கும் எலைசா. தொற்றிய இரண்டு முதல் நான்கு வாரங்களிலேயே இது காட்டத் தொடங்கும் என்பதுதான் இதன் பெரிய பலம். எல்லா ஊர்களிலும் இதைச் செய்வதில்லை, பெரிய ஆய்வகத்துக்கு மாதிரியை அனுப்ப வேண்டியிருக்கும். இயோசினோபில் ஏறியதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. ஆஸ்துமாவிலும் ஒவ்வாமையிலும் ஏறும், செருப்பில்லாமல் தோட்டத்தில் நிற்பவர்களுக்குக் கொக்கிப்புழுவாலும் ஏறும்.

இந்தக் கட்டத்தில் ஸ்கேன் என்றால் அல்ட்ராசவுண்டைவிட சி.டி. அதிகம் காட்டும். ஈரலின் ஓரத்திலிருந்து உள்நோக்கி, புழு ஊர்ந்த தடங்கள் கருமையான கோடுகளாகவும் கொத்துகளாகவும் தெரியும். அதைப் பார்த்து ஈரலில் புற்றுநோய் பரவியிருக்கிறது என்று கலங்கிப்போன குடும்பங்கள் உலகெங்கும் உண்டு. ‘பச்சைக் கீரை சாப்பிடுவேன்’ என்ற ஒரு வரியை மருத்துவரிடம் சொன்னால் தேவையில்லாத ஊசிச் சதைப் பரிசோதனையையே சில சமயம் தவிர்க்கலாம். யாரும் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள்.

நான்கு மாதம் தாண்டிவிட்டால் கதை மாறுகிறது. அப்போது மலப் பரிசோதனைக்கு அர்த்தம் உண்டு. முட்டை பெரியது, 130 முதல் 150 மைக்ரான், கொக்கிப்புழு முட்டையைவிட இரண்டு மடங்கு நீளம். பித்தம் ஏறிப் பொன்பழுப்பாக இருக்கும், ஒரு முனையில் மெல்லிய மூடி தெரியும். ஆனால் எண்ணிக்கை குறைவு, தினமும் வராது. வெவ்வேறு நாட்களில் பல மாதிரிகள் வேண்டும். செய்முறையும் முக்கியம். அடர்ந்த உப்புக் கரைசலில் முட்டையை மிதக்கவிட்டுப் பார்க்கும் வழக்கமான முறையில் இந்த முட்டை மேலே வராது, கனமானது. அடியில் படியவிட்டு வண்டலைப் பார்க்கும் முறைதான் வேண்டும். தட்டைப்புழு சந்தேகம் என்று சீட்டில் எழுதி அனுப்பினால்தான் பரிசோதனைக் கூடத்தில் அந்த முறையைச் செய்வார்கள். இன்னொன்று: புழு இருந்த ஈரலைச் சாப்பிட்டவரின் மலத்தில், நோயே இல்லாமல், அந்த முட்டை கடந்து வரும். ஆகவே முட்டை தெரிந்தால் சில நாட்கள் ஈரல் சாப்பிடாமல் இருந்து மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

இந்தக் கட்டத்தில் அல்ட்ராசவுண்டும் கைகொடுக்கும். குழாய் விரிந்திருப்பதும், பித்தப்பைக்குள் நிழல் விழாத ஏதோ ஒன்று தானாக அசைவதும் திரையில் தெரியலாம். கல் அசையாது என்பதல்ல, புரண்டு படுத்தால் உருளும். ஆனால் தானாக நெளியாது.

மருந்து

இங்கேதான் தவறான மாத்திரை அதிகம் போகிறது. “பூச்சி மாத்திரை போன மாசம்தானே குடுத்தோம்” என்று ஒவ்வொரு தாயும் சொல்வார்கள். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கும் அல்பெண்டசோல் உருண்டைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் நல்ல மருந்து, ஈரல் புழுவுக்கு மனிதர்களில் அதை நம்ப முடியாது. மாட்டுக்கு அதே மருந்தைக் கூடுதல் அளவில் கொடுத்து முதிர்ந்த தட்டைப்புழுவைக் குறைப்பதுண்டு. அதனால்தான் ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கு அதன் மேல் இவ்வளவு நம்பிக்கை. மலைப்பூண்டைப் பாலில் வேகவைத்துக் குடிப்பது பற்றியும் கேட்கிறார்கள். நம் பூண்டு அருமையான பூண்டு, 2019ல் புவிசார் குறியீடு வாங்கியது. உணவாகச் சாப்பிடுங்கள், இதற்கு மருந்தாக எண்ணி மாதங்களைக் கடத்தாதீர்கள்.

பிராசிகுவாண்டெல் பற்றிய குழப்பம் மருத்துவம் தெரிந்தவர்களிடமும் உண்டு. தட்டைப்புழு என்றாலே அதுதான் மருந்து என்று பாடத்தில் படித்திருப்பார்கள். மீன் வழியாக வரும் தட்டைப்புழுக்களுக்கு அது மிகச் சரியான மருந்து. கீரை வழியாக வரும் ஃபாசியோலாவுக்கு அது வேலை செய்வதில்லை.

வேலை செய்வது டிரிக்லாபெண்டசோல். கிலோவுக்கு 10 மி.கி. கணக்கில் ஒரு வேளை, அல்லது 12 மணி நேர இடைவெளியில் இரண்டு வேளை, சாப்பாட்டோடு. 50 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு வேளைக்கு 500 மி.கி. ஊர்ந்து திரியும் குஞ்சுப் புழு, குழாயில் குடியேறிய முதிர்ந்த புழு இரண்டையும் கொல்லும் என்பதால் எந்த மாதத்திலும் இதுவே முதல் தேர்வு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019ல் ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு இதை அனுமதித்தது. இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சிக்கல் என்னவென்றால் இது தெருமுனை மருந்துக்கடையில் கிடைக்கிற மாத்திரை இல்லை. பெரிய மருத்துவமனை வழியாக வரவழைக்க வேண்டியிருக்கும். அந்தக் காத்திருப்பில்தான் சிலர் கால்நடை மருந்தை அளந்து குடிக்கலாமா என்று யோசிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது ஆட்டுக்கும் மாட்டுக்கும் அளவு பார்த்துத் தயாரித்தது.

நைட்டசோக்சனைடு கடைகளில் கிடைக்கும், வேளைக்கு 500 மி.கி. வீதம் தினம் இரண்டு வேளை, ஏழு நாள் என்பது வழக்கம். சிலருக்குக் குணமாகிறது, சிலருக்கு ஆவதில்லை. டிரிக்லாபெண்டசோல் கிடைக்காதபோதோ, அதற்குப் புழு சாகாதபோதோ மருத்துவர் எடுக்கும் இரண்டாவது வழி அது. கையில் கிடைக்கிறதே என்பதற்காக அதை முதல் வழியாக்கக் கூடாது.

மருந்து போட்ட சில நாட்களில் வலி திரும்ப வந்தால் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பயந்துவிடுகிறார்கள். செத்த புழு பித்தக்குழாய் வழியே வெளியேறும்போது வரும் வலியாக இருக்கலாம் அது. மருத்துவரிடம் காட்டினால் வலி தளர்த்தும் மருந்து கொடுப்பார்.

கேமரா குழாய் எப்போது

ஈ.ஆர்.சி.பி. என்பது வாய்வழியாக உள்நோக்குக் குழாயை விட்டு, பித்தக்குழாய் வாயைச் சற்று வெட்டித் திறந்து, புழுவையோ கல்லையோ வெளியே எடுப்பது. எடுத்த புழுவைக் கண்ணால் பார்க்கலாம், அடைப்பும் அன்றே நீங்கும். ஆனால் கணையத்தில் அழற்சி வரும் ஆபத்து கொஞ்சம் உண்டு, ஈரல் சதைக்குள் இருக்கும் குஞ்சுகளை அது தொடாது. ஆகவே அடைப்பு இல்லாதவருக்கு மாத்திரைதான். குழாயைப் படமாக மட்டும் பார்க்க வேண்டுமென்றால் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் போதும், உள்ளே எதையும் விடத் தேவையில்லை.

கண் மஞ்சள், நடுக்கும் காய்ச்சல், வலது மேல்வயிற்று வலி மூன்றும் சேர்ந்தால் ஒப்பிட்டுப் பார்க்க நேரமில்லை. பித்தக்குழாயில் சீழ் பிடித்திருக்கலாம், அன்றைக்கே மலையிறங்க வேண்டும். கொடைக்கானல் அரசு மருத்துவமனையில் ஊசி மருந்து தொடங்கிவிட்டு, மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்கோ க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போகலாம். புறப்படும் முன் குழாய் அடைப்பை நீக்கும் வசதி அன்று இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டுவிடச் சொல்லுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொள்ள மறக்க வேண்டாம்.

இணையத்தில் தேடியவர்கள் என்னிடம் கேட்கும் கடைசிக் கேள்வி புற்றுநோய் பற்றியது. பித்தக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியான தட்டைப்புழுக்கள் இரண்டு: தாய்லாந்து, லாவோஸ் பக்கத்து ஓபிஸ்தார்க்கிஸ் விவெர்ரினி, சீனா, கொரியா, வியட்நாம் பக்கத்து குளோனார்க்கிஸ் சைனென்சிஸ். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை முன்னதை 1994லும் பின்னதை 2009லும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் தரப் பட்டியலில் சேர்த்தது. இரண்டுமே வேகாத நன்னீர் மீன் வழியாக வருபவை. வடகிழக்குத் தாய்லாந்தில் பச்சை மீனைக் கொத்தி எலுமிச்சையும் மிளகாயும் சேர்த்துச் சாப்பிடுவார்கள், கோய் பிளா என்று பெயர். அந்தப் பகுதியில்தான் உலகிலேயே இந்தப் புற்றுநோய் மிக அதிகம். குளோனார்க்கிஸை முதலில் கண்டது நம் நாட்டில்தான், 1874ல் கொல்கத்தாவில், ஒரு சீனத் தொழிலாளியின் பிரேதப் பரிசோதனையில். ஃபாசியோலா அந்தப் பட்டியலில் இல்லை. நம்மூர்க் கீரைக்காக அந்தப் பயம் வேண்டாம். ஆனால் அந்த நாடுகளில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், அங்கே பச்சை ஆற்றுமீன் சாப்பிட்டவர் என்றால் வலி இல்லாவிட்டாலும் ஒரு முறை மலப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அவருக்கு மருந்து பிராசிகுவாண்டெல்.

ஒரு வீட்டில் ஒருவருக்கு ஈரல் புழு உறுதியானால் அதே கீரையைத் தின்ற மற்றவர்களுக்கும் ரத்த அணு எண்ணிக்கை எடுக்க வேண்டும், வலியில்லாத குழந்தைகளுக்கும்கூட. மருந்து முடிந்தவருக்குச் சில மாதங்கள் கழித்து இயோசினோபில் இறங்கியிருக்கிறதா, மலத்தில் முட்டை நின்றிருக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும். தொழுவத்திலும் வேலை இருக்கிறது. தாடைக்குக் கீழே நீர் கோத்து வீங்கிய ஆடு, தின்றும் மெலிகிற மாடு இருந்தால் கால்நடை மருந்தகத்தில் சாணத்தைக் காட்டிப் புழு மருந்து கொடுக்க வேண்டும். மழை தொடங்கும் முன்பே கொடுத்துவிட்டால் அந்தப் பருவத்தில் சதுப்பில் விழும் முட்டையின் எண்ணிக்கை குறையும். அதோடு மேய்ச்சலை ஓடையிலிருந்து தள்ளி, மாட்டுக்குத் தண்ணீரைத் தொட்டியில் வைத்துவிட்டால் கீழே பாத்தி போட்டிருப்பவருக்கும் உதவியாக இருக்கும்.